விளக்குப் பெட்டியின் கனம்

உவரடியில் முதல் தேர்தல் நடந்த அன்று, ஓட்டுப் போடுகிற நேரம் முடிந்து போலீஸ்காரர்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்ற வந்தபோது, அரிக்கன் விளக்குப் படம் ஒட்டிய பெட்டி இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. முதலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து அதன் வளையத்தைப் பிடித்து இழுத்தார், பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார், பிறகு நாலு பேர் சேர்ந்து மூங்கிலைக் கொடுத்து நெம்பினார்கள், மூங்கில் முறிந்தது, வண்டி மாட்டை அவிழ்த்து வடத்தைக் கட்டி இழுக்க விட்டார்கள், வடம் அறுந்தது, மாடு மண்டியிட்டது, பெட்டி நகக்கண் அளவும் நகரவில்லை.

அந்தக் காலத்துத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு இரும்புப் பெட்டி, பெட்டியின் மேல் அவரவர் சின்னம், படுதாவுக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். உவரடிப் பள்ளிக்கூடத்தில் இரண்டே பெட்டிகள் இருந்தன. தராசுப் பெட்டி பலவேசம் முதலாளியுடையது. ஊரைச் சுற்றியிருந்த உப்பளம் முழுக்க அவருடையது, ஊரும் அவருடையது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். விளக்குப் பெட்டி அருளப்பன் என்கிற அசலூர்க்காரனுடையது. தராசுப் பெட்டியை ஒரு போலீஸ்காரர் ஒற்றைக் கையால் எடுத்து வண்டியில் வைத்தார். முதலாளியின் கணக்கப்பிள்ளை தில்லைநாயகம் அதைப் பார்த்து, நம்ம பெட்டி பூவாட்டம் எழுந்திருச்சு பாத்தீங்களா, இது ஜெயிக்கிற பெட்டிக்கு அடையாளம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

கனத்துப்போன பெட்டியைக் கண்டு உவரடிக்காரர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. உப்பு சுமந்தே கழுத்து தேய்ந்தவர்களுக்குக் கனம் என்பது புதுச் சங்கதி அல்ல. படுத்துக்கொண்ட எருமையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, அதுக்கு என்ன கோவமோ, தானா எழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பெரிய தேர்தல் அதிகாரி ஜீப்பில் வந்து, பெட்டியைத் தட்டிப் பார்த்து, கீழே ஆணி அடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, தானும் ஒருமுறை வளையத்தைப் பிடித்து இழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை இங்கேயே திறக்கச் சட்டத்தில் இடமில்லை. எட்டு மைலுக்கு அப்பால் தாலுகா ஊரில் வைத்துத்தான் முத்திரையை உடைக்கவேண்டும். தொகுதியின் எல்லாப் பெட்டியும் வந்து சேராமல் ஒரு சீட்டையும் எண்ணக்கூடாது. ஆகையால் காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்திவிட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போனார். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள், வாத்தியார் அதன்மேல் மைக்கூட்டை வைத்துக்கொண்டார், ஒரு கோழி அதன் பின்பக்கம் முட்டையிடப் பழகியது. யாரோ பெட்டிக்கு மஞ்சள் தடவிப் பொட்டும் வைத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை துண்டை நனைத்து அதைத் துடைத்தெடுத்தார்.

பெட்டியின் கனம் யாரையும் பயமுறுத்தவில்லை என்றாலும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்கிற யோசனை முதலாளியைத் தூங்கவிடவில்லை. தேர்தலுக்கு முந்தின நாள் பத்திரகாளி கோயில் வாசலில் ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கற்பூரத்தை ஏற்றி, தராசுப் பெட்டியைத் தவிர வேறு பெட்டியில் போடமாட்டேன் என்று சொல்லவைத்து, மறு கையால் அறைந்து அணைக்கச் செய்திருந்தார்கள். அணைத்த சத்தியத்தை மீறினால் கை அழுகும் என்பது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் விளக்குப் பெட்டி காலியாக அல்லவா இருக்கவேண்டும்? காலிப் பெட்டி எப்படிக் கனக்கும்? ஒரு சீட்டாவது உள்ளே விழுந்திருக்கிறது, மீறிய சத்தியம்தான் இப்படிக் கல்லாய்க் கனக்கிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். முதலாளி மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"என் ஊருல எனக்குத் தெரியாம ஒரு கை இருக்கு. அந்தக் கையை எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் கெணறு தொறக்காது" என்றார்.

உவரடியில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். முதலாளி வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதற்குப் பலகை மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. காலையில் ஒரு நாழிகை, சாயங்காலம் ஒரு நாழிகை திறந்துவிடுவார்கள், ஆளுக்கு இரண்டு குடம். அந்தப் பூட்டு இப்போது முழு நாளும் தொங்கியது. முதல் நாள் பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்து போனார்கள், அங்கே விரட்டினார்கள். இரண்டாம் நாள் உப்புத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினார்கள். அதற்குப் பிறகு ஊர் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எல்லாரும் அந்தக் கையைத் தேடினார்கள், தேடுகிற பாவனையில் ஒருவன் இன்னொருவனைவிடச் சத்தமாய்த் திட்டினான், தேடிய விரல்கள் எல்லாம் கடைசியில் பிரம்மசக்தியைக் காட்டின.

அவளைக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. தேர்தலுக்கு முந்தின வருஷம் பெயர் எழுத வந்த குமாஸ்தாவிடம் உவரடிப் பெண்கள் ஒருத்தியும் பெயர் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் சொந்தப் பெயரைச் சொல்லுகிற வழக்கம் அங்கே இல்லை. இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய அம்மா என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். அப்படி எழுதினால் செல்லாது என்று மேலிடத்திலிருந்து பட்டியல் திரும்பி வந்தபோது, கணக்கப்பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து நூற்றைம்பது பெண்களுக்கும் முதலாளியின் செத்துப்போன தாயாருடைய பெயரையே போட்டுக் கொடுத்துவிட்டார். ஆக, சுடலைமுத்து பெண்சாதி அன்னப்பழம், கந்தையா பெண்சாதி அன்னப்பழம் என்று பட்டியல் முழுக்க அன்னப்பழங்கள். பிரம்மசக்தி ஒருத்திதான் அதில் சேரவில்லை. அவள் கணவன் தோணியில் போனவன் திரும்பவில்லை, பிள்ளையும் இல்லை. யாருடைய பெண்சாதி, யாருடைய அம்மா என்று சொல்ல வழியில்லாமல், குமாஸ்தா முகத்தைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். அன்றே ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டது.

பிள்ளை இல்லாமல் இல்லை, இருந்தது. செல்லக்கனி என்று பெயர், நாலு வயசு. வாந்தியும் பேதியுமாய்க் கிடந்த ஒரு மத்தியானம், ஒரு செம்பு நல்ல தண்ணீருக்காகப் பிரம்மசக்தி முதலாளி வீட்டுக்கு ஓடினாள். சாவி கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்து திறந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவள் வாசலிலேயே நின்றாள். குடத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பிள்ளைக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. அந்தக் குடத்தை அவள் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அது பாசி பிடித்து வற்றிப் போகிற வரைக்கும் மூலையில் இருந்தது.

அருளப்பன் ஓட்டுக் கேட்க ஒரே ஒரு தடவைதான் உவரடிக்கு வந்தான். முதலாளியின் உத்தரவுப்படி எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் வெயிலில் நின்று சாத்திய கதவுகளோடு அரை மணி நேரம் பேசினான். பெரிதாய் ஒன்றும் பேசவில்லை. கிணற்றுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டான், அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். திரும்பிப் போகும்போது முதலாளியின் ஆட்கள் அவனைச் சைக்கிளோடு உப்புப் பாத்தியில் தள்ளிவிட்டார்கள்; அவன் எழுந்து சைக்கிளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போனான். சுமக்கத் தெரியாதவன், கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். பிரம்மசக்தி கதவிடுக்கு வழியாய் அவன் கழுத்தைப் பார்த்தபடி நின்றாள். கற்பூரம் சுட்ட கையாலேயே விளக்குப் பெட்டியில் சீட்டைப் போட்டாள். கை அழுகினால் அழுகட்டும் என்றுதான் போட்டாள்.

கை அழுகவில்லை. ஆனால் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. உப்பளத்தில் அவள் வேலை தூக்கிவிடுவது. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் நிரப்பி வரப்பு மேல் வைப்பார்கள். அத்தனை கனத்தை யாரும் தானாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரில் ஒருத்தி நின்று ஒரு மூச்சில் தூக்கித் தலையில் துணி சுருட்டிய சும்மாட்டின் மேல் வைக்கவேண்டும். இருபது வருஷமாக உவரடியின் தலைகளில் எல்லாம் கூடையை ஏற்றியவள் பிரம்மசக்தி. எந்தத் தலை எவ்வளவு தாங்கும், யாருக்குக் கனம் ஏறினால் இடது கால் கட்டைவிரல் மண்ணைக் கவ்வும், யாருக்குக் காதோரத்து நரம்பு புடைக்கும் என்பது அவளுக்குத் தன் வீட்டுப் பாத்திரங்களைப் போலத் தெரியும். தூக்கிவிடு என்று எவர் கேட்டாலும், சண்டைக்காரியே கேட்டாலும், மறுக்கக்கூடாது என்பது அளத்தின் வழக்கம். சுமையோடு நிற்கிறவளைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டவள் என்று ஒருத்தியைச் சொன்னால் அதைவிடக் கேவலம் அங்கே கிடையாது. அப்படிப்பட்ட அளத்தில் இப்போது அவளிடம் யாரும் தூக்கிவிடச் சொல்லவில்லை. தாங்களே ஒருவருக்கொருவர் கோணல்மாணலாய் ஏற்றிவிட்டுக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார்களே ஒழிய, அவள் கையைத் தங்கள் கூடையில் படவிடவில்லை. அவள் குடிசைமேல் உப்புக் கட்டிகளை எறிந்தார்கள். அவள் காயப்போட்ட சேலையைச் சேற்றில் மிதித்தார்கள்.

எறிந்தவர்களில் முதல் ஆள் மாடத்தி. பிரம்மசக்தியின் கணவனுக்கு அண்ணன் சுடலைமுத்து. அவன் பெண்சாதி இந்த மாடத்தி. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள், ஒரே அடுப்பில் சமைத்தவர்கள், செல்லக்கனியைக் குளிப்பாட்டிக் குழிக்கு அனுப்பியவளும் மாடத்திதான். அவள் ஐந்தாம் நாள் காலை தெருவே பார்க்க வாசலில் வந்து நின்றாள்.

"ஊரே நாக்கு வறண்டு சாவுது. ஒங் கையை நீயே நீட்டிரு. இல்லன்னா நாங்க நீட்ட வைப்போம்."

"நான் போடலக்கா" என்றாள் பிரம்மசக்தி.

"பேரு சொன்ன வாயி பொய்யும் சொல்லும்" என்று சொல்லி மாடத்தி அவள் காலடியில் துப்பினாள். துப்புகிற அளவுக்கு எச்சில் அவள் வாயில் இல்லை, சத்தம் மட்டும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துத் தரையைச் சாணம் போட்டு மெழுகினார்கள். நாலு பெண்கள் மெழுகினார்கள். பிரம்மசக்தியை வாசல் பக்கமே விடவில்லை. மறுநாள் கணக்கப்பிள்ளை வந்து பார்த்தபோது, விளக்குப் பெட்டிக்கு அடியிலும் ஈரம் காயாத சாணம், விரல் தடம் கலையாமல், தெளிவாய்த் தெரிந்தது. எவளோ ஒருத்தி பழக்கதோஷத்தில் பெட்டியை நகர்த்தி, அடியை மெழுகி, திரும்ப வைத்திருக்கிறாள். நாலு பேரையும் கூப்பிட்டுக் கேட்டதற்கு நாலு பேரும் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்கள், காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை மூளை உள்ளவர்தான். பெட்டி எல்லாருக்கும் கனக்கவில்லை, அதில் சீட்டுப் போட்ட கைக்கு மட்டும் அது கனக்காது என்று கண்டுபிடித்தார். பிரம்மசக்திக்கு இந்தச் செய்தி வந்தபோது ஒன்று தோன்றியது: மெழுகப் போன நாலு பேரில் நான் இல்லையே, அப்படியானால் என்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாளே. அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஊர் அந்த நினைப்புக்கே போகவில்லை, மந்திரம் போட்டு வெளியிலிருந்தே நகர்த்தியிருப்பாள் என்று அவளையே திட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுவதும் மறுபடி பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நின்றது, ஓட்டுப் போட நின்ற அதே வரிசை. யாராவது தூக்கினால் சரி, பெட்டி தாலுகா ஊர் போய்ச் சேர்ந்தால் சரி என்று தேர்தல் அதிகாரி சம்மதித்துவிட்டார், அவருக்குக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தது. முதலாளி குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணக்கப்பிள்ளை பட்டியலைப் படித்துப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்டவர் வராந்தாவில் ஏறி, வளையத்தைப் பிடித்து, தூக்கிப் பார்க்கவேண்டும். தூக்கிவிட்டால் அந்தக் கைதான் முதலாளி தேடுகிற கை. தூக்கியவரை ஊரைவிட்டு ஓட்டி, வீட்டைப் பிரித்துப் போட்டு, அதற்குப் பிறகு கிணற்றைத் திறப்பது என்று பேச்சு.

முதலில் முதலாளியின் ஆட்கள் தூக்கிப் பார்த்தார்கள். காவல்காரன் குனிந்து இழுத்தான். நெற்றி நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, பல்லைக் கடித்தான், ஒரு சத்தமும் வரவில்லை, கடைசியில் தடுமாறிப் பின்னால் விழுந்தான். சமையல்காரன், வண்டிக்காரன், கணக்கப்பிள்ளை எல்லாரும் அப்படியே. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள். கந்தையா வந்தான், ஐயோ ஆத்தா என்று முனகினான், தூக்க முடியவில்லை என்று கையை உதறிக்கொண்டு இறங்கினான். அவன் பெண்சாதி அன்னப்பழம் வந்தாள், அலறினாள், இறங்கினாள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் முதலாளியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வரிசை நகர்ந்தது. பிரம்மசக்தி தன் முறையை எண்ணிக்கொண்டு நின்றாள், வளையத்தைத் தொட்டால் தொட்ட உடனே பெட்டி எழுந்து வந்துவிடுமே, எழாமல் எப்படிப் பிடிப்பது, எப்படி நடிப்பது என்பதிலேயே அவள் புத்தி இருந்தது. மற்றவர்கள் எப்படித் தூக்குகிறார்கள் என்று கற்றுக்கொள்ளத்தான் அவள் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

சுடலைமுத்து குனிந்து வளையத்தைப் பிடித்தான். கனம் ஏறினால் அவனுக்கு இடது கால் கட்டைவிரல் மண்ணைக் கவ்வும், இருபது வருஷமாக அவள் பார்த்தது. அவன் முகத்தைக் கோணிக்கொண்டு முக்கினான். கட்டைவிரல் சும்மா கிடந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்தவன் வந்தான், அவனுக்கு முழங்கால் வெளிப்பக்கம் வளையும், வளையவில்லை. அதற்கடுத்தவளுக்குக் காதோரத்து நரம்பு, நரம்பு எழவில்லை. பிரம்மசக்தி வரிசையை விட்டு ஒரு எட்டு வெளியே வந்து பார்த்தாள். அடுத்து ஒருவன், அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருவன். ஒருவர் உடம்பிலும் கனம் இல்லை. தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்த அத்தனை உடம்புகளும் ஒன்றுமில்லாததைத் தூக்கி, தூக்க முடியவில்லை என்று முனகிக்கொண்டிருந்தன. சுமை தூக்குகிறவன் முனகுவானா? மூச்சை அடக்கினால்தான் கனம் எழும், மூச்சை அடக்கினவனுக்குக் குரல் ஏது? காவல்காரன் கத்தவில்லை. இவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். வாழ்நாளில் ஒரு செம்பு தண்ணீரைக்கூடத் தானாய்த் தூக்காத முதலாளி குடைக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் கத்தலை நம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் ஏறியது. இத்தனை பேரா? இத்தனை பேரும் அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, இத்தனை பேருமா என் கூரைமேல் உப்புக் கட்டி எறிந்தீர்கள்? என் கை படாத கூடை வேண்டும் என்றீர்களே, உங்கள் கையும் என் கையும் ஒரே கைதானே? முதலாளியைக்கூட அவள் அந்த அளவுக்கு வெறுத்ததில்லை. முன்னால் நின்ற முதுகுகளை ஒவ்வொன்றாய் அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு முதுகையும் அப்போது வெறுத்தாள்.

மாடத்தி வராந்தாவில் ஏறினாள். கனம் ஏறினால் அவள் கீழ் உதட்டைக் கடிப்பாள், இரண்டு பல் தடம் உதட்டில் நிரந்தரமாய் உண்டு. அவள் வளையத்தைப் பிடித்து, வாயை அகலத் திறந்து, ஊரே நடுங்கக் கத்திவிட்டு இறங்கினாள். இறங்கும்போது பிரம்மசக்தியை முறைத்துப் பார்த்துக் காறினாள்.

பிறகு கணக்கப்பிள்ளை அந்தப் பெயரைக் கூப்பிட்டார், அன்னப்பழங்களுக்கு நடுவில் இருந்த ஒரே ஒரு பெயரை. ஊர் மொத்தமும் திரும்பியது. இவள் தூக்கிவிடவேண்டும், இவள் ஒருத்தியோடு போகட்டும், நமக்குத் தண்ணீர் வரட்டும் என்பது அத்தனை கண்ணிலும் எழுதியிருந்தது.

அவளும் கத்தியிருக்கலாம். கத்திவிட்டு இறங்கியிருந்தால் வீடு பிழைத்திருக்கும், முதலாளியிடம் காட்ட ஒரு கையும் இல்லாமல் போயிருக்கும், பூட்டு மட்டும் தொங்கியிருக்கும். பிரம்மசக்தி குனிந்து வளையத்தைப் பிடித்தாள். பெட்டி எழுந்து வந்தது. அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள். செல்லக்கனி அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தபோது இருந்த கனம்தான், அதற்கு மேல் ஒரு துளி இல்லை. அது அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது, அழுதுகொண்டே படி இறங்கினாள்.

ஊர் ஹோவென்று கத்தியது. ஒரு உப்புக் கட்டி வந்து அவள் நெற்றியில் பட்டுச் சிதறியது. பிடுங்குலே அதை என்று முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். காவல்காரன் ஓடிவந்து பெட்டியைப் பற்றி இழுத்தான். இழுத்த மாத்திரத்தில் அவன் மணிக்கட்டு முறுகித் தரையில் குப்புற விழுந்தான். அதற்குப் பிறகு முதலாளியின் ஆட்கள் யாரும் கிட்டே வரவில்லை.

தாலுகா ஊருக்கு எட்டு மைல். எட்டு மைல் தூரம் பெட்டியை இடுப்பில் வைத்து நடக்க முடியாது, தலையில் ஏற்றவேண்டும். எத்தனை லேசானாலும் தலைச்சுமைக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இருபது வருஷமாய் ஊருக்கெல்லாம் தூக்கிவிட்டவளுக்கு, தூக்கிவிடு என்று தான் யாரிடமும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, நேராய் மாடத்தியின் முன்னால் போய் நின்றாள்.

"எக்கா, தூக்கிவுடு."

மாடத்தி யோசித்திருந்தால் கையை மடக்கியிருப்பாள். யோசிக்கிறதற்கு முன்னால் அவள் இரண்டு கையும் நீண்டுவிட்டன. சுமையோடு எதிரில் நிற்கிறவளைக் கண்டால் நீளுகிற கைகள் அவை. பத்து வயசிலிருந்து நீண்ட கைகள். அவை பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு மூச்சில், காற்றைத் தூக்குகிற மாதிரி தூக்கி, பிரம்மசக்தியின் தலையில் வைத்தன.

வாசல் முழுவதும் அந்தக் கைகளைப் பார்த்தது. மாடத்தியும் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் விஷமாய், பல்லுக்கிடையில் சொன்னாள்:

"சும்மாட்டை ஒழுங்கா வைட்டி, மூதி. நீ நாசமாத்தான் போவ."

சொல்லிக்கொண்டே சும்மாட்டைச் சரிசெய்தாள். முதலாளி சுடலைமுத்துவைப் பார்த்து, ஒன் பொண்டாட்டி எப்படிலே தூக்குனா என்று கேட்டார். சுடலைமுத்து தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு நடந்த பிரம்மசக்திக்கும் பெண்சாதிக்கும் பின்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் கந்தையா நடந்தான். வரிசை கலையாமல் அப்படியே திரும்பி, பாத்திகளுக்கு நடுவில் போகிற வரப்பில் இறங்கி நடந்தது. முதலாளியும், கணக்கப்பிள்ளையும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட காவல்காரனும், இன்னும் ஏழு பேரும் குடை நிழலில் மிஞ்சினார்கள். தேர்தல் அதிகாரி காகிதங்களை வாரிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

எட்டு மைலும் பெட்டி தலை மாறித் தலை மாறிப் போனது. அரை மைலுக்கு ஒருத்தர் வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தர் ஏற்றிவிட்டார்கள். வழி நெடுகப் பிரம்மசக்தியைத் திட்டிக்கொண்டே போனார்கள். அழகாய் ஒளிந்துகொண்டிருந்தவர்களை நடுத்தெருவில் இழுத்து நிறுத்திவிட்டாள் பாதகத்தி, இனி அளத்தில் வேலை உண்டா, இருக்க இடம் உண்டா, இவள் குடும்பம் இல்லாதவள், இவளுக்கு என்ன என்றார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நெற்றியில் உப்பு பட்ட காயம் எரிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு அவளும் நடந்தாள், அவளுக்கும் அவர்களிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை இல்லை.

தாலுகா ஊரில் இரண்டு பெட்டிகளையும் திறந்தார்கள். தராசுப் பெட்டியில் பத்துச் சீட்டு. விளக்குப் பெட்டியில் முந்நூற்று இரண்டு. மற்ற ஊர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது முந்தியிருந்த முதலாளி உவரடியில்தான் தோற்றார் என்று அறிவித்தார்கள். மறுநாள் சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது கிணற்று மூடி திறந்து கிடந்தது. பூட்டை யார் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை, கணக்கப்பிள்ளை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முந்நூறு பேரையும் ஓட்டிவிட்டு உப்பை யார் வாருவது? அளத்திலும் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஜெயித்த அருளப்பன் ஒரு அரசாங்கக் கிணற்றைக் கொண்டுவர மூன்று வருஷம் ஆயிற்று, அது வேறு கதை.

ஊர் பிரம்மசக்தியை மன்னிக்கவில்லை. அவளால் தண்ணீர் வந்தது என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழவில்லை, அவளும் அந்தத் தெருவில் எவர் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை. தேர்தல் முடிந்து அளத்தில் வேலை மறுபடி தொடங்கிய முதல் நாள் காலை, அவள் வழக்கமான வரப்பில் வழக்கமான இடத்தில் தனியாய் நின்றாள். வெகு நேரம் யாரும் வரவில்லை. பிறகு மாடத்தி நிரம்பிய உப்புக் கூடையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். பிரம்மசக்தி குனிந்து மூச்சை அடக்கித் தூக்கிவிட்டாள். மாடத்தி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்த கூடை வந்து நின்றது.